புதுத் துப்பாக்கியில் பழைய கரி

கொலையுண்டவர் கொலைக்கு முன்பே எலும்புக்கூடாக இருந்தது, துப்பறியும் ராஜலக்ஷ்மியின் பதினோரு வருட அனுபவத்தில் இதுதான் முதல் தடவை.

பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், வேலிக்கு மேலே தோள் தெரிய நின்றுகொண்டிருந்தது அது. பன்னிரண்டடி உயரம். முழுக்க பிளாஸ்டிக். இடுப்பில் ஜரிகை வேஷ்டி, தோளில் அங்கவஸ்திரம். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

“ஹாலோவீனுக்கு வாங்கின பொம்மைங்க,” என்றார் அவரை வரவழைத்திருந்த மயில்சாமி. “நாலு வருஷமாச்சு, இறக்கவே இல்ல. பொங்கலுக்குக் கையில கரும்பு, கிறிஸ்துமஸுக்குச் சிவப்புக் குல்லா. அடுத்த வாரம் தீபாவளிங்களே, அதான் வேஷ்டி.”

“தலை?”

“நேத்துக் காலைல ஏழு மணிக்கு டமார்னு ஒரு சத்தம். போயிருச்சுங்க. நான்தான் சுட்டேன்னு என்ற மேல கம்ப்ளெயின்ட்.”

உதவியாளர் விஷாகா நோட்டைத் திறந்தாள். “இறந்தவர் பேரு?”

“கோபு. பக்கத்து வீட்டு ஷ்யாமளாம்மா அப்படித்தான் கூப்புடுவாங்க.”

“வயசு?”

“விஷாகா,” என்றார் ராஜலக்ஷ்மி.

“ஃபார்மாலிட்டி மேடம்.”

ராஜலக்ஷ்மி ஒரு காலத்தில் சென்னை விமான நிலையத்தில் கஸ்டம்ஸ் அதிகாரி. கணவரின் வேலைக்காக டெக்ஸஸ் வந்தவர், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் லைசென்ஸ் வாங்கிவிட்டார். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்கும் கேஸ்கள். விஷாகா ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் லேஆஃப் ஆனவள். அடுத்த வேலை கிடைக்கும் வரை இரண்டு மாதம் என்று வந்து இரண்டு வருடம் ஆகிறது.

ஃபிரிஸ்கோவின் இந்தப் புதுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே செங்கல், ஒரே கூரை. மயில்சாமியின் வீட்டை அடையாளம் காண்பது மட்டும் அன்று சுலபமாக இருந்தது. அந்த வீட்டைத் தாண்டும்போதுதான் நடைப்பயிற்சிக்காரர்கள் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

“வர்ற வியாழக்கிழமை எனக்கு சிட்டிசன்ஷிப் உறுதிமொழிங்க,” என்றார் மயில்சாமி. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர், நாற்பத்தெட்டு வயது, நல்ல உடம்பு. ஆனால் குரல் தேய்ந்திருந்தது. “பதினாறு வருஷம் காத்திருந்தேன். அன்னைக்குக் குடுக்கற ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்குதுங்க. இன்டர்வியூவுக்கு அப்புறம் ஏதாச்சும் கேஸ் உண்டான்னு. ஊருக்குள்ள துப்பாக்கி சுட்டா இங்க கேஸு.”

“நீங்க சுட்டீங்களா?”

“இல்லீங்க.”

“துப்பாக்கியக் காட்டுங்க.”

டைனிங் டேபிளில் பழைய பெட்ஷீட் விரித்து அதன் மேல் வைத்திருந்தார்கள். வேட்டைக்குப் பயன்படும் நீண்ட குழல் ஷாட்கன். புதிது. மரப்பிடியில் கீறல்கூட இல்லை.

“ஆஃபீஸ்ல புறா வேட்டைக்குக் கூப்புட்டாங்க. அதுக்கு வாங்கினதுங்க. புதன்கிழமை வாங்கி, அப்படியே பெட்டியோட துணி அலமாரியில வெச்சேன். நேத்து போலீஸ் ஆஃபீசர் வந்து கேட்டதும், நானே உள்ள போய்ப் பெட்டியத் தூக்கிட்டு வந்தேன். ‘ஸார், இன்னும் பிரிக்கவே இல்ல, நீங்களே பாருங்க’ன்னு அவரு முன்னாலதான் திறந்தேன்.” மயில்சாமி கொஞ்சம் நிறுத்தினார். “டார்ச்ச வெச்சுக் குழாய்க்குள்ள பார்த்தாரு. ஒரே கரி.”

ராஜலக்ஷ்மி ஒரு டிஷ்யூவைச் சுருட்டிக் குழலுக்குள் விட்டு எடுத்தார். கறுப்பாக வந்தது.

“பெட்டியில சீல் இல்லையா?”

“சீரியல் நம்பர் பார்க்கறதுக்குக் கடையிலயே டேப்பக் கிழிச்சுட்டாங்க. கடைக்காரன் எவனோ சுட்டுப் பார்த்த பழச என்ற தலையில கட்டிட்டான்.”

“வாங்கறப்பவே பார்த்து வாங்க மாட்டாருங்க,” என்றார் மனைவி வசந்தாமணி, காபியை வைத்தபடி. “கத்திரிக்கா வாங்கினாலும் இப்படித்தான். வீட்டுக்கு வந்து நறுக்கினப்புறம்தான் புழு தெரியும்.”

“காலைல ஏழு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“பொண்ணு கயலுக்கு நீச்சல் க்ளாஸ். கூட்டிட்டுப் போயிட்டேனுங்க.” வசந்தாமணி கணவரைப் பார்க்காமல் ராஜலக்ஷ்மியைப் பார்த்தார். “திரும்பி வர்றப்ப வாசல்ல போலீஸ் கார். இவரு மட்டும்தான் வீட்ல. அந்த எலும்புக்கூடு எங்க டைனிங் ரூமையே மொறைச்சுப் பார்க்குதுன்னு அசோசியேஷனுக்கு மூணு தடவை லெட்டர் எழுதினதும் இவருதான்.”

“நீயும் நம்பலியா,” என்றார் மயில்சாமி மெதுவாக.

வசந்தாமணி காபி டம்ளர்களை நேராக நகர்த்தி வைத்தார். அந்த நிமிடத்தில் ராஜலக்ஷ்மிக்கு இந்தக் கேஸ் பிடித்துப்போயிற்று. இந்த மனிதருக்கு அமெரிக்கா நம்புவதைவிட முக்கியமான ஒன்று இந்த மேஜையில் பாக்கி இருந்தது.

“உங்களுக்கு எதிரா வேற என்ன சாட்சி?”

“ஷ்யாமளாம்மா வீட்டுக்காரர் ஜம்புநாதன் ஸார்தாங்க. என்னோட கடைக்கு வந்து அதே மாடல், அதே நாள், அவரும் ஒண்ணு வாங்கினாரு. அவரோடது பளபளன்னு இருக்குது. ‘ஃபேக்டரியில இருந்து வந்தா இப்படித்தான் இருக்கணும்’னு ஆஃபீசர்கிட்ட எடுத்துக் காட்டிட்டாரு.”

விஷாகா நிமிர்ந்தாள். “எலும்புக்கூட்டோட ஓனர்கிட்டயும் ஒரு துப்பாக்கி இருக்கா?”

“அவரு அசோசியேஷன் பிரெசிடென்ட்டுங்க. அவர யாரு சந்தேகப்படுவாங்க?”

---

ஜம்புநாதன் கதவைத் திறக்கும்போதே கையில் குடியிருப்போர் விதிப்புத்தகம் இருந்தது. வயது அறுபத்தொன்று. ஒல்லி உடம்பு, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. டெலிகாம் கம்பெனியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்.

“வாங்கோ. ஷூவை அந்த ராக்குல, முன்பக்கம் சுவரைப் பார்த்த மாதிரி வெச்சுடுங்கோ.”

ஹாலில் தூசி என்பதே இல்லை. சோபாவில் ஷ்யாமளா மாமி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் தாடையும் நெற்றியுமாக, பிளாஸ்டிக் மண்டையோட்டின் துண்டுகள்.

“கண்ணு ரெண்டும் எரியும் இவனுக்கு. எல்.ஈ.டி.,” என்றார் மாமி. “பையனும் பொண்ணும் வேலைக்குப் போனப்புறம் இந்தாத்துல ஒரு பேச்சுத் துணை வேண்டாமா. தோட்டத்துல தண்ணி விடறச்சே அவன்கிட்ட பேசிண்டே விடுவேன். நேத்து கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தா முண்டமா நிக்கறான்.”

“ஆழ்ந்த இரங்கல் மாமி,” என்றாள் விஷாகா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் அவளுடைய திறமை.

ராஜலக்ஷ்மி கேட்டதும் ஜம்புநாதன் துப்பாக்கியை எடுத்து வந்தார். வெல்வெட் துணியில் சுற்றியிருந்தது. குழலுக்குள் டார்ச் அடித்தால் மறுபக்கம் கண்ணாடி போல மின்னியது.

“நீங்க இதைத் தொடைச்சீங்களா ஸார்?”

“தொடவே இல்லை. பெட்டியில வந்தது வந்தபடி இருக்கு.”

“சுத்தம் பண்ணலை?”

“புதுசை எதுக்கும்மா சுத்தம் பண்ணணும்? புதுசுன்னா சுத்தம்னுதான் அர்த்தம். இதைத்தான் ஆஃபீசர்கிட்டயும் சொன்னேன். மயில்சாமி நல்ல மனுஷன்தான். ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே.”

“இதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா? எங்க ஃபைலுக்கு.”

ஜம்புநாதன் சந்தோஷமாகவே எழுதினார். மூன்று வரி, அழகான கையெழுத்து, கீழே தேதி, நேரம்.

விஷாகா குழலை மூக்கருகே கொண்டுபோய் நெற்றியைச் சுருக்கினாள். வெளியே வந்து காரில் ஏறியதும், “மேடம், எனக்கு ஏனோ இட்லி சாப்பிடணும் போல இருக்கு,” என்றாள்.

“இப்பத்தானே வசந்தாமணி வீட்டுல முறுக்கு சாப்பிட்ட.”

“அது பசிக்கு. இது வேற.”

ராஜலக்ஷ்மி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் அவளையே இரண்டு வினாடி பார்த்தார். பிறகு வண்டியைக் கடையின் திசையில் திருப்பினார்.

---

அந்தக் கடை டோல்வே வழியாக நாற்பது நிமிடம். நகரம் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், டிராக்டர் கடைக்கும் சர்ச்சுக்கும் நடுவில் இருந்தது. கவுன்டரில் டேல் என்ற பெரியவர். வெள்ளைத் தாடி, நெஞ்சு வரை. விஷாகாவையும் ராஜலக்ஷ்மியின் காட்டன் புடவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யோகா ஸ்டூடியோ எதிர்ப்பக்கம் என்று மரியாதையாகச் சொன்னார்.

ராஜலக்ஷ்மி லைசென்ஸைக் காட்டினார். புதன்கிழமை இரண்டு இந்தியர்கள் வந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

டேலுக்கு நன்றாகவே நினைவிருந்தது. ஒருவர் துப்பாக்கியைப் பார்த்தார், மற்றவர் துப்பாக்கியின் மேலிருந்த எச்சரிக்கை ஸ்டிக்கரைப் பார்த்தார், ஐந்து நிமிடம் நின்று படித்தார் என்றார்.

“பழைய துப்பாக்கியப் புதுசுன்னு வித்துட்டீங்கன்னு ஒருத்தர் சொல்றார்,” என்று ராஜலக்ஷ்மி ஆங்கிலத்தில் சொன்னதும், டேல் கோபப்படவில்லை. உள்ளே போய், முந்தின நாள் வந்து இறங்கிய ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். டேப் பிரிக்கப்படவில்லை. பேனாக்கத்தியால் அவர்கள் கண்முன்னே கீறித் திறந்தார். அதே மாடல்.

ராஜலக்ஷ்மி டிஷ்யூவைச் சுருட்டிக் குழலுக்குள் விட்டார்.

கறுப்பாக வந்தது.

டேல் இரண்டாவது பெட்டியைத் திறந்தார். அதுவும் கறுப்பு. மூன்றாவதைத் திறக்கவா என்று கேட்டார். விஷாகாவின் கையில் டிஷ்யூ தீர்ந்திருந்தது.

எல்லாமே இப்படித்தான் வரும் என்றார் டேல். இந்தக் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு துப்பாக்கியையும் பலம் பார்ப்பதற்காக ஃபேக்டரியிலேயே இரண்டு தடவை சுடுவார்கள். சுட்ட பிறகு துடைப்பது கிடையாது. அப்படியே பிசுக்கு எண்ணெயைப் பூசிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். வருகிற ஜனங்களில் பாதிப் பேர் திரும்ப வந்து சண்டை போடுவார்கள். பெட்டியின் அடியில் மஞ்சள் காகிதம் ஒன்று இருக்கிறது, அதை யாருமே படிப்பதில்லை.

மஞ்சள் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பெரிய எழுத்தில் அதேதான் இருந்தது. சோதனைக்காகச் சுடப்பட்டது. பயன்படுத்தும் முன் சுத்தம் செய்யவும்.

“மயில்சாமி ஸாருக்கு என்ன வேலை மேடம்?” என்று கேட்டாள் விஷாகா.

“சாஃப்ட்வேர் டெஸ்டிங் மேனேஜர்.”

“டெஸ்ட் பண்ணாம எதையும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு இருபது வருஷமா சம்பளம் வாங்குறவரு. ஒருத்தன் டெஸ்ட் பண்ணி அனுப்பினதுக்கு மாட்டிக்கிட்டாரு.”

காரில் அவளே மறுபடி பேசினாள். “ஆனா மேடம், இதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. கரி ஃபேக்டரியோடது, சரி. அதுக்கு மேல அவரும் சுட்டிருக்கலாமேன்னு ஆஃபீசர் கேப்பாரு. கரி இருந்தா சுட்டாருன்னு சொல்ல முடியாது. சுடலன்னும் சொல்ல முடியாது.”

“வாஸ்தவம்.”

“அப்ப நாப்பது நிமிஷம் டிரைவ் பண்ணி வந்தது எதுக்கு?”

“அழுக்கா இருக்கிற துப்பாக்கியப் பத்தித் தெரிஞ்சுக்கிறதுக்கு இல்ல,” என்றார் ராஜலக்ஷ்மி.

விஷாகா அடுத்த இரண்டு எக்ஸிட் வரை மஞ்சள் காகிதத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது எக்ஸிட்டில், “ஐயோ,” என்றாள். “இட்லி.”

---

மாலை நாலு மணி. ஜம்புநாதன் வீட்டு ஹாலில் மயில்சாமியும் வசந்தாமணியும் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு துப்பாக்கிகளும் கம்பளத்தின் மேல் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று மின்னல்.

ராஜலக்ஷ்மி மஞ்சள் காகிதத்தை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படித்துச் சொன்னார்.

“பார்த்தியா,” என்றார் மயில்சாமி மனைவியிடம். எழுந்தே விட்டார். “கடைக்காரன் மேல தப்பில்ல. என்ற மேலயும் தப்பில்ல.”

“உக்காருங்க ஸார். இன்னும் முடியல.” ராஜலக்ஷ்மி ஜம்புநாதன் பக்கம் திரும்பினார். “அந்த ஃபேக்டரியில இருந்து வர்ற ஒவ்வொரு துப்பாக்கியும் கரியோடதான் வருது. இன்னைக்கு எங்க கண்ணு முன்னால ரெண்டு பெட்டி திறந்தாங்க, ரெண்டும் கரி. அதனால மயில்சாமி ஸாரோட துப்பாக்கி, ஒரு புதுத் துப்பாக்கி எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு. புரியாதது உங்களோடதுதான். அது ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு?”

ஜம்புநாதன் விதிப்புத்தகத்தை மடியில் திருப்பினார். “சுத்தம் பண்ணினேன். அதுல என்ன? நான் எதையுமே சுத்தம் பண்ணாம விடமாட்டேன். ஷ்யாமளாவைக் கேளுங்கோ.”

“அப்ப ஆஃபீசர்கிட்ட ஏன் தொடவே இல்லைன்னு சொன்னீங்க? எனக்கும் எழுதிக் குடுத்திருக்கீங்க. தேதி, நேரம் எல்லாம் போட்டு.”

ஜம்புநாதன் விதிப்புத்தகத்தை மூடி டீப்பாயில் வைத்தார்.

“எதை வெச்சு சுத்தம் பண்ணீங்க அங்கிள்?” என்றாள் விஷாகா.

“எண்ணெய்.”

“என்ன எண்ணெய்?”

விஷாகா குனிந்து குழலை முகர்ந்தாள். “நானும் காலையில இருந்து யோசிச்சேன், இதைப் பார்த்தா மட்டும் ஏன் இட்லி ஞாபகம் வருதுன்னு. மிளகாய்ப்பொடிக்கு ஊத்துறது. நல்லெண்ணெய். எந்த அமெரிக்க ஃபேக்டரியிலயும் நல்லெண்ணெய் தேய்ச்சு அனுப்ப மாட்டாங்க.”

தாம்பாளம் டக்கென்று ஒலித்தது. ஷ்யாமளா மாமி அதை டீப்பாயில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“நேத்து கோயிலேர்ந்து வந்தா புது பாட்டில்ல பாதியைக் காணோம். கேட்டேன். சனிக்கிழமையாச்சே, எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சேன்னேள்.”

“குளிச்சது துப்பாக்கி,” என்றாள் விஷாகா, யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது.

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

“குண்டு அதுல பொருந்தறதான்னு பார்க்கணும்னுதான் போட்டேன்,” என்றார். “மயில்சாமிதான் அன்னிக்கு அவர் டப்பாவிலேர்ந்து ரெண்டு குண்டு குடுத்தார். பொருந்தித்து. எப்படிக் குறி பார்க்கறதுன்னு தோட்டத்துப் பின்வாசல் பாட்டியோல நின்னு தூக்கிப் பிடிச்சேன். எதிர்ல அவன் நின்னான்.”

“கை தவறிடுத்தா?” என்றார் மாமி.

“அப்படித்தான் சொல்லணும்னு ராத்திரியெல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன்.” அவர் குரல் இறங்கியது. “முழுக்கத் தவறிடுத்துன்னு சொல்ல முடியாது. அவன் கட்டிண்டிருக்கறது என் அறுபதாங்கல்யாணத்து வேஷ்டி. என்னைக் கேக்கவே இல்லை. அதுவும் போகட்டும். ஏணி போட்டு ஏறி, அவனுக்குக் கொசுவம் எடுத்து, மடிப்புக் கலையாம பின் குத்தினே. எனக்கு அப்படி ஒரு நாள் கட்டி விட்டிருக்கியா? தண்ணி விடறச்சே அவன்கிட்ட முக்கால் மணி நேரம் பேசறே. உள்ள வந்தா எனக்கு ‘சாதம் ரெடி’, ரெண்டே வார்த்தை.”

மயில்சாமியின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

“மஞ்சள் பேப்பரை நீங்க படிச்சிருப்பீங்க,” என்றார் ராஜலக்ஷ்மி.

“புதன்கிழமையே படிச்சேன். நான் எல்லாத்தையும் படிப்பேன்.”

“அப்ப மயில்சாமி ஸாரோடதும் கரியாத்தான் இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் வசந்தாமணி பேசினார். சத்தம் போடவில்லை. “பதினாறு வருஷமுங்க. ஒரு ஸ்பீடிங் டிக்கெட் வாங்கக் கூடாதுன்னு ஃப்ரீவேல வலது ஓரமாவே வண்டி ஓட்டின மனுஷன். உங்களோட ஒரு எண்ணெய் பாட்டிலால, நானே இவர சந்தேகப்பட்டுட்டேன்.” கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

ஷ்யாமளா மாமி கணவர் எதிரில் போய் நின்றார்.

“கோபுவைச் சுட்டேள். சரி, அவன் பிளாஸ்டிக். இன்னொண்ணு வாங்கிக்கலாம். ரத்தமும் சதையுமா ஒருத்தர் பக்கத்தாத்துல உக்காந்து தூங்காம இருந்தாரே, அவருக்குத் தலை திரும்ப வருமா? ஆஃபீசர் நம்பரை எடுங்கோ.”

“நாளைக்கு…”

“இப்போ. ஸ்பீக்கர்ல போடுங்கோ.”

ஆஃபீசர் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். துப்பாக்கி அங்கேயே இருக்கட்டும் என்றும், தான் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகவும், இப்போது ஆளை மட்டும் ஸ்டேஷனுக்கு வரும்படியும் சொன்னார். ஜம்புநாதன் கார் சாவியை எடுத்தார். கராஜ் கதவு வரை போனார். சாவிக்கொத்து இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டாவது தடவை அதைக் குனிந்து எடுத்தது மயில்சாமி.

“ஏறுங்க ஸார்,” என்றார். “நான் டிரைவ் பண்றேன். நீங்க இந்தக் கையோட ஓட்டினா இன்னொரு கேஸ் ஆயிரும். அதுக்கும் நான்தான் சாட்சிக்கு வரோணும்.”

---

மாமி உட்பட எல்லோரும் கூடவே போனார்கள். ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊருக்குள் சுட்டதற்கும் பொய் சொன்னதற்கும் ஜம்புநாதன் பேரில் கோர்ட் நோட்டீஸ் எழுதப்பட்டது. இன்னொரு தாள் பிரின்டரிலிருந்து வந்தது. மயில்சாமி மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, விசாரணை முடிந்தது என்று இரண்டே வரி. மயில்சாமி அதை நின்றபடியே நான்கு தடவை படித்துவிட்டு வசந்தாமணியிடம் கொடுத்தார். வசந்தாமணி மடிக்காமல், கசங்காமல், தன் ஹேண்ட்பேகுக்குள் நேராக நிறுத்தி வைத்தார்.

“வியாழக்கிழமை எத்தனை மணிக்கு ஸார்?” என்றார் ராஜலக்ஷ்மி.

“எட்டு மணிக்குங்க. நீங்க ரெண்டு பேரும் வரோணும்.”

“எட்டு மணியா,” என்றாள் விஷாகா. “காலையிலயா?”

ஜம்புநாதன் கடைசிக் கையெழுத்தைப் போட்டு நிமிர்ந்தார். ஆஃபீசர் வாக்குமூலத்தை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். பாட்டியோவிலிருந்து எலும்புக்கூடு எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

“தர்ட்டி ஸ்டெப்ஸ்,” என்றார் ஜம்புநாதன்.

இதற்கு முன்னால் எத்தனை தடவை சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார் ஆஃபீசர்.

“நெவர். ஃபர்ஸ்ட் டைம் இன் மை லைஃப்.”

ஆஃபீசர் தாளை மூடினார். மேஜைக்கு மேலாகக் கொஞ்சம் சாய்ந்து, இனி ஜன்மத்துக்கும் செய்யாதீர்கள், ஆனால் முதல் தடவைக்கு அது மோசமான குறி இல்லை என்றார்.

ஜம்புநாதனின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. தோள் விரிந்தது. முப்பது வருட டெலிகாம் சர்வீஸில் யாரும் அவரிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அறை முழுவதும் ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பார்வை சுற்றி வந்து ஷ்யாமளா மாமியிடம் முடிந்தது. மாமி ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். முதுகு இருந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று.